சாவு வீட்டில் ஏது மௌனம்?

வாசகர் கேள்வி: ஐயா, வணக்கம். கும்பகோணத்தில் வங்கி ஒன்றில் பணிபுரிகிறேன். நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஆண்டுக்கு இரண்டு நாடகம், டிக்கெட் விற்றுப் போடுகிறோம். 'கப்ளிங்' என்ற பிரிட்டன் நகைச்சுவைத் தொடரில் ஒரு இறுதிச் சடங்குக் காட்சி வரும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சிரிப்பு அடங்காது. அந்த அத்தியாயத்தை நம் ஊர்ச் சாவு வீடாக மாற்றி, வசனங்களை வரிக்கு வரி தமிழாக்கினேன். குழுவில் வாசித்தபோது ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. இதே தொடரை அமெரிக்காவில் எடுத்து நான்கே அத்தியாயங்களில் நிறுத்திவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரே மொழி பேசுகிறவர்களுக்கே கைகூடாதது எனக்கு எப்படிக் கைகூடும்? திருத்துவதா, தூக்கிப் போடுவதா? பிரதியை இணைத்திருக்கிறேன்.

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். பிரதியை இரண்டு முறை வாசித்தேன். தூக்கிப் போட வேண்டாம். உங்கள் தமிழ் நன்றாக இருக்கிறது, பாத்திரங்கள் பேசும் பேச்சில் தடங்கல் இல்லை. கோளாறு ஓர் இடத்தில்தான் இருக்கிறது. அந்த இடத்துக்கு வருமுன் அமெரிக்கக் கதையைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பிரதிக்கும் அதற்கும் நெருங்கிய உறவு உண்டு.

மூலத் தொடரை பிபிசி 2000ஆம் ஆண்டு ஒளிபரப்பத் தொடங்கியது. 2004 வரை நான்கு பருவங்கள், மொத்தம் 28 அத்தியாயங்கள். அத்தனையையும் எழுதியவர் ஸ்டீவன் மோஃபட் ஒருவரே. தயாரித்தவர் அவருடைய மனைவி சூ வெர்ட்யூ. கதையின் நாயகனும் நாயகியும் ஸ்டீவ், சூசன். தங்கள் பெயர்களையே பாத்திரங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். ஒரு தம்பதி தங்கள் காதல் காலத்துப் பேச்சுகளையும் சண்டைகளையும் முதலாக வைத்து நடத்திய வியாபாரம் அது. எழுதுகிறவர் அடுத்த வசனத்துக்கு எங்கும் தேடிப்போக வேண்டியதில்லை, வீட்டிலேயே கிடைக்கும்.

அமெரிக்காவில் என்பிசி அலைவரிசை இதை ஒளிபரப்பிய நேரத்தைப் பாருங்கள். அவர்களுடைய தங்கச் சுரங்கமான 'ஃப்ரெண்ட்ஸ்' தொடர் கடைசிப் பருவத்துக்கு வந்திருந்தது. ஆறு நண்பர்கள் இருந்த இடத்தில் வேறு ஆறு நண்பர்களை உட்காரவைக்க வேண்டும் என்ற தவிப்பு அவர்களுக்கு. 2003 செப்டம்பர் 25, வியாழன் இரவு முதல் அத்தியாயம் வந்தது. கதை சிகாகோ நகருக்கு மாறியிருந்தது. பாத்திரப் பெயர்கள் அப்படியே இருந்தன. முதல் அத்தியாயத்தின் வசனங்கள் ஏறக்குறைய வரிக்கு வரி பிரிட்டன் மூலம்தான். பேச்சு எல்லை மீறுகிறது என்று சால்ட் லேக் சிட்டியில் உள்ள அவர்களுடைய கூட்டு நிலையமே ஒளிபரப்ப மறுத்தது. நவம்பர் பிறப்பதற்குள் தொடர் திரையிலிருந்து போய்விட்டது. எடுத்து முடித்து வைத்திருந்த மற்ற அத்தியாயங்களை அந்த அலைவரிசை காட்டவேயில்லை.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் ஒன்று உண்டு. அமெரிக்கர்களுக்கு நுட்பமான நகைச்சுவை பிடிபடாது என்பார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அதே ஆண்டுகளில் பிபிசியின் அமெரிக்க அலைவரிசை மூலத் தொடரையே அங்கே காட்டிக்கொண்டிருந்தது. அமெரிக்கர்கள் அதைப் பார்த்தார்கள், சிரித்தார்கள். அதனால்தான் நகல் வந்த அன்றே விமரிசகர்களால் இரண்டையும் பக்கத்தில் வைத்து அளக்க முடிந்தது.

இன்னும் பின்னால் போனால் இந்த வாதம் அடியோடு சரிந்துவிடும். மோஃபட்டின் மாமியார் பெரில் வெர்ட்யூ. எழுத்தாளர்களின் முகவராக இருந்தவர். 'டில் டெத் அஸ் டூ பார்ட்', 'ஸ்டெப்டோ அண்ட் சன்' ஆகிய பிரிட்டன் தொடர்களை அமெரிக்காவில் புதிதாக எடுக்கும் உரிமையை விற்றவர் இந்த அம்மையார். முதலாவது 1971இல் 'ஆல் இன் தி ஃபேமிலி' ஆனது. இரண்டாவது 1972இல் 'சான்ஃபோர்ட் அண்ட் சன்' ஆனது. இரண்டும் ஆண்டுக்கணக்கில் ஓடின. அதே பெரில் வெர்ட்யூ 'கப்ளிங்' தொடரின் நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவர். அதாவது, நடுவது எப்படி என்று மற்ற எவரையும்விட நன்றாகத் தெரிந்த குடும்பம் அது. இருந்தும் இந்தக் கன்று வேர் பிடிக்கவில்லை.

அந்தப் பழைய இரண்டும் எப்படி வேர் பிடித்தன? லண்டன் கிழக்குப் பகுதியில், துறைமுகத்தை ஒட்டிய வீட்டில் உட்கார்ந்துகொண்டு எல்லோரையும் திட்டித் தீர்க்கும் கிழவர் ஒருவர். அவரை நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் கொண்டுவந்து உட்காரவைத்தார் அமெரிக்கத் தயாரிப்பாளர் நார்மன் லியர். வசனத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கவில்லை. தன் தந்தையை எடுத்துக்கொண்டார். வாயை மூடு என்று அந்தத் தந்தை மனைவியை அதட்டும் அதே சொல்லைப் பாத்திரத்தின் வாயில் வைத்தார். இன்னொன்றில், லண்டனில் குதிரை வண்டி வைத்துப் பழைய சாமான் வாங்கி விற்கும் அப்பனும் மகனும், லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதியில் லாரி வைத்திருக்கும் கறுப்பின அப்பனும் மகனுமாக மாறினார்கள். விட்டுப் போக முடியாத மகன், போகவிடாத அப்பன் என்ற முடிச்சு மட்டும் அவிழாமல் இருந்தது. மற்றதெல்லாம் புதிது.

'கப்ளிங்' விஷயத்தில் இதற்கு நேர்மாறாக நடந்தது. சொற்களைக் காப்பாற்றினார்கள், சொற்கள் நிற்கும் தரையைக் காப்பாற்றவில்லை. என் தொழிலில் நான் முதலில் பார்ப்பது கடிகாரத்தை. பிபிசியில் விளம்பரம் கிடையாது. அரை மணி நேரம் என்றால் கிட்டத்தட்ட அரை மணி நேரமும் கதைதான். அமெரிக்க வணிக அலைவரிசையில் அரை மணி நேரம் என்றால் கதைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 22 நிமிடம். அதிலும் விளம்பர இடைவேளைக்காகக் கதையை நடுவில் வெட்டி நிறுத்த வேண்டும். மோஃபட் எழுதுவது சாவி கொடுத்த பொம்மை போன்ற எழுத்து. முதல் பத்து நிமிடம் சாவி திருகுவார். யாரோ எதையோ தப்பாகக் காதில் வாங்குவார், ஒருவர் தவறான கதவைத் திறப்பார். ஓர் அத்தியாயத்தில், ஆங்கிலம் தெரியாத இஸ்ரேலியப் பெண்ணோடு ஸ்டீவின் நண்பன் ஜெஃப் பேசும் காட்சியை முதலில் அவன் காதால் கேட்கவைத்துவிட்டு, பிறகு அதே காட்சியை அவள் காதால் கேட்கவைப்பார். இரண்டாவது முறைதான் அரங்கம் அதிரும். முதல் முறையைச் சுருக்கினால் இரண்டாவது முறைக்கு வேலையே இல்லை. இப்படிப்பட்ட எழுத்தில் ஏழு நிமிடத்தை எடுக்க வேண்டுமென்றால் கத்தரி எங்கே போகும்? சிரிப்பு வரும் வரிகளில் யாரும் கை வைக்க மாட்டார்கள். சாவி திருகும் வரிகளைத்தான் வெட்டுவார்கள். மிஞ்சுவது சாவி தீர்ந்த பொம்மை.

அடுத்தது நடிப்பு. மூலத்தின் முதல் அத்தியாயத்தில் ஸ்டீவ் தன் காதலி ஜேனிடம் நாம் பிரிந்துவிடலாம் என்கிறான். அவள் அதை ஏற்க மாட்டேன் என்கிறாள். அழவில்லை, கெஞ்சவில்லை. யாரோ தவறான முகவரிக்கு அனுப்பிய பார்சலைத் திருப்பி அனுப்புவதுபோல் மறுத்துவிடுகிறாள். பிரிந்து போவதற்கும் மற்றவரின் சம்மதம் வேண்டுமோ என்று ஸ்டீவே ஒரு கணம் குழம்புகிறான் பாருங்கள், சிரிப்பு அந்தக் கணத்தில்தான் இருக்கிறது. பிரிட்டன்காரன் நாகரிகத்துக்கு அடிமை. ஒரு பெண் 'முடியாது' என்று சொன்ன பிறகு குரலை உயர்த்திப் பேச அவனுக்கு வாய் வராது. அந்தக் கூச்சம்தான் காட்சியின் அச்சாணி. அமெரிக்கப் பதிப்பின் நாயகர்கள் கூச்சப்படாதவர்கள், தோற்றத்தில் பளபளப்பானவர்கள். அதே வரியை அவர்கள் சொல்லும்போது, இவன் ஏன் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறான் என்ற கேள்விதான் எழுகிறது.

பின்னாளில் மோஃபட், அலைவரிசையின் ஓயாத தலையீடுதான் தொடரைக் கெடுத்தது என்று வெளிப்படையாகச் சொன்னார். அலைவரிசையின் தலைவராக இருந்த ஜெஃப் ஸக்கரோ, தொடர் மோசம், அவ்வளவுதான் என்று ஒரே போடாகப் போட்டார். இருவரில் யார் பக்கம் என்றால் நான் எழுத்தாளர் பக்கம்தான். ஆனால் தலையீடு இல்லாமல் இருந்திருந்தாலும் அந்தப் பிரதி அப்படியே நின்றிருக்கும் என்று நான் நம்பவில்லை.

இங்கே நீங்கள் ஒரு தவறான முடிவுக்குப் போய்விடக் கூடாது. அப்படியானால் நகலெடுத்ததுதான் பிழையா? எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் சரியாகிவிடுமா? ஆகாது. ஜான் க்ளீஸும் கானி பூத்தும் எழுதிய 'ஃபால்ட்டி டவர்ஸ்' என்ற பிரிட்டன் தொடரில் மொத்தமே 12 அத்தியாயங்கள். ஓட்டல் முதலாளி பேசில், வாடிக்கையாளரை வெறுப்பவன், மனைவிக்குப் பயந்து சாகிறவன். 1983இல் அமெரிக்காவின் ஏபிசி அலைவரிசை இதை 'அமாண்டாஸ்' என்ற பெயரில் எடுத்தபோது அந்தப் பேசிலையே நீக்கிவிட்டது. ஓட்டலை நடத்துபவர் கணவனை இழந்த ஒரு பெண்மணி. நடித்தவர் பீ ஆர்தர், அபாரமான நடிகை. ஆனால் முதலாளி யாருக்கும் பயப்பட வேண்டாத ஓட்டலில் ஒளித்துவைக்க என்ன இருக்கிறது? சில மாதங்களில் அதுவும் முடிந்தது. ஒரு மாற்றம்தான் செய்திருக்கிறோம், பேசிலை எடுத்துவிட்டோம் என்று அந்தத் தயாரிப்பாளர்கள் தன்னிடம் மகிழ்ச்சியோடு சொன்னதை க்ளீஸ் பல மேடைகளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

வரிக்கு வரி நகலெடுத்தும் பிழைத்த தொடர் உண்டா? உண்டு. 'கப்ளிங்' தொடரை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றவர்களில் ஒருவரான பென் சில்வர்மேன்தான் அடுத்து, ஓர் அலுவலக மேலாளரைச் சுற்றி நடக்கும் 'தி ஆபீஸ்' என்ற பிரிட்டன் தொடரையும் கொண்டுசென்றார். அதே என்பிசி. 2005 மார்ச்சில் வந்த அதன் முதல் அத்தியாயமும் பெரும்பாலும் பிரிட்டன் வசனமே. வரவேற்பும் சுமார்தான். ஆனால் இரண்டாவது அத்தியாயமே அங்கே புதிதாக எழுதப்பட்டது. முதல் பருவம் ஆறு அத்தியாயங்களில் முடிந்தது. கிரெக் டேனியல்ஸ் தலைமையிலான எழுத்தாளர் குழுவுக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது. பிரிட்டன் மேலாளர் பார்ப்பவர்கள் முகம் சுளிக்கும் மனிதன். அமெரிக்க மேலாளரை அன்புக்கு ஏங்கும் மனிதனாக இரண்டாவது பருவத்தில் மெல்ல மாற்றினார்கள். மூலத்தின் வழக்கமான அத்தியாயங்கள் 12தான். அமெரிக்கத் தொடர் 201 அத்தியாயங்கள் ஓடியது. வித்தியாசம் இதுதான்: அவர்களுக்கு நகலெடுப்பதை நிறுத்த அவகாசம் கிடைத்தது. 'கப்ளிங்' குழுவுக்கு நான்கு வியாழக்கிழமைகள் மட்டுமே கிடைத்தன.

உங்கள் குழு முன்னால் நடந்த அந்த முதல் வாசிப்பை உங்களுடைய முதல் வியாழக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களை நிறுத்த எந்த அலைவரிசையும் இல்லை.

இனி உங்கள் பிரதிக்கு வருகிறேன்.

நீங்கள் எடுத்துக்கொண்ட காட்சியின் இயக்கம் என்ன? இறுதிச் சடங்கில் ஒரு நிமிட மௌனம். அந்த மௌனத்தில், இப்போது சிரித்தால் எவ்வளவு அசிங்கம் என்று ஒரு நினைப்பு வருகிறது. அந்த நினைப்பே சிரிப்பைக் கிளப்புகிறது. அடக்குகிறோம். நல்லவேளை சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மறுபடி நினைக்கிறோம். இப்போது சிரிப்பு இரண்டு மடங்காகத் திரும்பி வருகிறது. ஜெஃப் இந்த ஆபத்தை முன்கூட்டியே நண்பர்களுக்கு விளக்கிவிடுகிறான். விளக்கம் கேட்டவன் எவனும் தப்ப முடியாது, தொற்றுநோய் மாதிரி.

நீங்கள் அதைத் தமிழ்நாட்டுச் சாவு வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள். நண்பரே, நம் சாவு வீட்டில் ஏது மௌனம்? வாசலில் பறை ஒலிக்கிறது. உள்ளே பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்கிறார்கள். சாமியானா போடுகிறவன் கம்புக்குக் கயிறு கேட்டுக் கத்துகிறான். மாலை வாங்கப் போனவன் இன்னும் வரவில்லை என்று ஒருவர் செல்பேசியில் சத்தம் போடுகிறார். வந்தவர்களுக்குக் காபி கொடுத்தாயா என்று துக்க வீட்டுக்காரரே விசாரிக்கிறார். இந்த இரைச்சலில் ஒருவன் சிரித்தால் யாருக்குக் கேட்கும்? அவன் அழுகிறான் என்றுகூட நினைத்துக்கொள்வார்கள். உடைப்பதற்கு மௌனம் இல்லாத இடத்தில் மௌனத்தை உடைக்கும் காட்சியை வைத்திருக்கிறீர்கள். உங்கள் நண்பர்கள் சிரிக்காததற்குக் காரணம் இதுதான். உங்கள் வசனத்தின் மீது குறையில்லை.

ஆனால் நம்மிடமும் மௌனம் இருக்கிறது. இரங்கல் கூட்டத்தில் இருக்கிறது. பள்ளி மைதானத்தில், வங்கி மாநாட்டு அறையில், சங்கக் கட்டடத்தின் மாடியில். 'அனைவரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்று ஒலிபெருக்கியில் குரல் வரும். நாற்காலிகள் கிறீச்சிடும். பிறகு மின்விசிறியின் சத்தம் மட்டும். கவனித்திருக்கிறீர்களா? ஒரு நிமிடம் எப்போது முடிகிறது என்று யாருக்கும் தெரியாது. கடிகாரத்தைப் பார்ப்பது மரியாதைக் குறைவு. தலையைக் குனிந்துகொண்டு எல்லோரும் ஓரக்கண்ணால் மேடையையே பார்ப்பார்கள். மேடையில் இருப்பவரோ, சீக்கிரம் முடித்தால் இறந்தவருக்கு அவமரியாதை, நீட்டினால் சபைக்குச் சங்கடம் என்று தவிப்பார். சட்டைப்பையில் யாருடைய செல்பேசியிலோ சுப்ரபாதம் ஒலிக்கும். அவர் அதை எடுத்து அணைப்பாரா, எடுக்காமல் வேறு யாருடையதோ என்பதுபோல நிற்பாரா? இது முழுக்க முழுக்க நம்முடைய மௌனம். இங்கே ஒருவனுக்குச் சிரிப்பு வரட்டும், பாருங்கள்.

இதே பாடத்தை நானும் மேடையில்தான் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆங்கில நாடகத்தைத் தமிழாக்கிக்கொண்டிருந்தோம். அதில், விருந்தாளி போய்த் தொலைய மாட்டானா என்று ஏங்கும் வீட்டுக்காரர், மரியாதைக்காக 'சாப்பிட்டுப் போகலாமே' என்பார். ஆங்கிலத்தில் அவர் அதைச் சொல்லிவிட்டாரே என்பதுதான் சிரிப்பு. தமிழில் ஒத்திகைக்கு ஒத்திகை அந்த இடம் செத்துக் கிடந்தது. நம் வீட்டில் அது எல்லோரும் எல்லோரிடமும் சொல்லும் வார்த்தை. அதற்கு, 'வேண்டாங்க, இப்போதுதான் சாப்பிட்டேன்' என்பது எல்லோரும் சொல்லும் பதில். குழுவில் மூத்தவரான ஒரு அண்ணன் சொன்னார்: 'தம்பி, கேட்கிறவன் பக்கம் எதையும் தொடாதே. பதில் சொல்கிறவனை மாற்று.' மாற்றினேன். முதல் அழைப்புக்கே விருந்தாளி 'சரி' என்று செருப்பைக் கழற்றினார். செருப்பு தரையில் விழும் முன்பே அரங்கம் சிரித்துவிட்டது. வீட்டுக்காரர் அடுத்த வசனத்தைச் சொல்லச் சிறிது நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்னொரு சிறிய திருத்தம். ஜெஃப் கண்டுபிடித்த 'கிகிள் லூப்' என்ற சொல்லை நீங்கள் 'சிரிப்பு வளையம்' என்று மொழிபெயர்த்திருக்கிறீர்கள். அகராதிப்படி சரிதான். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பயமில்லை. நீங்கள் காவிரிக் கரைக்காரர். சின்ன வயதில் படித்துறையில் உங்களை எப்படி எச்சரித்தார்கள்? 'அந்தப் பக்கம் போகாதே, சுழி இருக்கிறது' என்றுதானே? கால் வைத்தவனை இழுத்துக்கொள்ளும், திமிறத் திமிற உள்ளே போகும். 'சிரிப்புச் சுழி' என்று, ஜெஃப் இடத்தில் நீங்கள் வைத்திருக்கும் ஜெகன் சொல்லட்டும், அதே படித்துறைக் கிழவரின் கண்டிப்போடு சொல்லட்டும். அவன் விளையாட்டாகச் சொன்னால் காட்சி கெட்டுவிடும். அவனைப் பொறுத்தவரை இது உயிர் போகிற விஷயம்.

உரிமை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் டிக்கெட் விற்பதாக எழுதியிருப்பதால் சொல்லியாக வேண்டும். ஒரு படைப்பை மொழிபெயர்க்கும் உரிமையும் தழுவும் உரிமையும் நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையாளருக்கே உண்டு. பிரதி இப்போது இருக்கும் வடிவில் எழுத்துமூல அனுமதி இல்லாமல் மேடையேற்றக் கூடாது. மௌனத்தில் சிரிப்பு வருவது என்ற எண்ணம் எவருக்கும் சொந்தமில்லை. மோஃபட்டின் பாத்திரங்களும், வசனங்களும், நிகழ்ச்சிகள் அடுக்கப்பட்ட விதமும் அவர் தரப்புக்குச் சொந்தம். ஆகவே இரங்கல் கூட்டத்தை வைத்து, உங்கள் வங்கியில் நீங்கள் பார்த்த மனிதர்களை வைத்து, முதல் வரியிலிருந்து புதிதாக எழுதுங்கள். அந்த ஆறு பேரும் வேண்டாம். நாலு பேர் போதும். ஸ்டீவுக்குச் சேகர், ஜெஃபுக்கு ஜெகன் என்று மூலப் பெயரின் முதலெழுத்தைக்கூடப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

அடுத்த வாசிப்பில் ஒருவர் கையில் கடிகாரம் கொடுத்து, மௌனக் காட்சி எத்தனை வினாடி தாங்குகிறது என்று எழுதிவைக்கச் சொல்லுங்கள். பத்து வினாடியில் யாராவது வசனம் பேசிவிட்டால் சுழி உருவாகாது. நாற்பது வினாடி பேச்சில்லாமல் நிற்க உங்கள் நடிகர்களைப் பழக்குங்கள். கஷ்டமான வேலைதான், ஆனால் நாடகம் அங்கேதான் இருக்கிறது.

எழுத உட்காரும் முன் ஒன்றை முடிவு செய்யுங்கள்: இறந்தவர் யார்? உங்கள் பிரதியில் அவர் வெறும் 'பெரியவர்'. சபையில் ஒருவருக்காவது அவர் உண்மையிலேயே வேண்டியவராக இருக்க வேண்டும். அழுகையை அடக்கிக்கொண்டு ஒருவர் நிற்கும்போதுதான் பக்கத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பவனுக்கு வேர்க்கும். முப்பது ஆண்டுகள் உங்கள் கிளையில் ரொக்கம் எண்ணியவர் என்று வைத்துக்கொள்ளலாம். அவருக்கு ஒரு பெயர் வைத்துவிட்டு எழுதத் தொடங்குங்கள். முடித்ததும் எனக்கு அனுப்புங்கள்.